சாய்கோடு

மைனாட்டிலிருந்து தொண்ணூறு மைல்.
கடைசிப் பதினொரு மைலில் எதிர்ப்பட்டது
ஒரே ஒரு பனிவாரி வண்டி.
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
ஏணிக் கம்பி கையுறையைத் தாண்டிக் கடித்தது.

வேலைச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
பழைய ரிசீவர் இரண்டு, கழற்று.
வீடு முழுமைக்கும் ஒரே டிவிஆர், பொருத்து.
வாடிக்கையாளர்: எல்ராய் / ஆர்விட் டோலஃப்சன்.

மாடியில் எல்ராய். நிலவறையில் ஆர்விட்.
அண்ணன் தம்பி. ஒரு கூரை, இரண்டு உலை.
அறுவடை இயந்திரத்தை யாரைக் கேட்டு விற்றாய் என்று
தொண்ணூற்றேழில் நின்ற பேச்சு
நின்ற இடத்திலேயே நிற்கிறது.
(இது பெட்ரோல் பங்க் மாவிஸ் சொன்னது.
நான் கேட்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை.)

"நீதான் டிஷ்காரியா?"
நான்தான்.
பழைய பெட்டிகளை இழுத்தேன்.
மாடிப் பெட்டியில் கோதுமைத் தூசி.
நிலவறைப் பெட்டியில் எலிப்புழுக்கை, ஒரு சட்டைப் பொத்தான்.
விசிறிகள் முனகிக்கொண்டே அணைந்தன.
"இதில் இருப்பதெல்லாம்?"
பழையதில் இருப்பது புதியதில் ஏறாது.
ஒரு நாளைக்கு நான்கு முறை இதைச் சொல்கிறேன்,
நான்கு முறையும் யாருக்கோ எதுவோ போகிறது.
அவருக்குப் போனது நாற்பது மணி நேர மாட்டு ஏலம்.
தம்பிக்குப் போனது கர்லிங்,
பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு
துடைப்பத்தோடு முன்னால் ஓடுவார்களே, அது.

கூரையில் புதிய கிண்ணம். ஒற்றைக் கேபிள்.
தென்மேற்கே, அடிவானத்துக்கு மேல் முப்பது பாகை.
செயற்கைக்கோள் இருக்குமிடம் எனக்கு மனப்பாடம்,
முன்னாள் கணவன் இருக்குமிடம் தெரியாது.

"இனி ஒரே பட்டியல்," என்றேன் மாடியில்.
"எங்கே பதிந்தாலும் எங்கேயும் தெரியும்.
இங்கே நிறுத்தியதைக் கீழே தொடரலாம்."
"யார் தொடரப் போவது?"
கீழே போய் அதையே சொன்னேன்.
கீழேயும் அதையே கேட்டார்.

மூன்றாம் வாரம் புகார்.
பெட்டி தன்னிஷ்டத்துக்கு ஆடுகிறது.
பதிவு அழிகிறது. நிறுத்திய இடத்தில் நிற்பதில்லை.
மறுபடி தொண்ணூறு மைல்.

வட்டு நலம். சிக்னல் நலம். சூடு நலம்.
பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன்.
முதல் வாரம் போர்:
ஏலம் அழிப்பு, கர்லிங் அழிப்பு,
ஏலம், கர்லிங், கர்லிங்,
ஒன்று அதிகாலை மூன்று மணிக்கு.
இரண்டாம் வாரம் யாரும் எதையும் தொடவில்லை.
பிறகு ஏதோ ஒரு பழைய கப்பல் படம்.
மாடியில் நாற்பத்தோராம் நிமிடத்தில் நிறுத்தம்.
நிலவறையில் நாற்பத்தொன்றிலிருந்து ஓட்டம்,
ஒரு மணி ஏழில் நிறுத்தம்.
மறுநாள் மாடியில், ஒன்று ஏழிலிருந்து.
இருவரும் பின்னால் ஓட்டிப் பார்க்கவே இல்லை.
பாகம் பிரித்ததுபோல் ஆளுக்குக் கொஞ்சம் கடல்.
கப்பல் ஏன் மூழ்கியது என்று
யாருக்குப் புரிந்திருக்குமோ.

சனிக்கிழமை ஏலத்தின் ஓரத்தில்
சின்னதாக ஒரு பூட்டுப் படம்:
அழிக்க வேண்டாம்.
"நீங்களா பூட்டினீர்கள்?"
கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.
"பூட்டு வேறு இருக்கிறதா இதில்?"
எந்த அறை ரிமோட் என்பதைப் பெட்டி குறித்து வைக்கும்.
திரையில் இருந்ததை அவரே படித்துக்கொண்டார்.

என் காபி ஆறி, ஆடை கட்டியது.

மறைப்பது என் வழக்கமில்லை, சொல்லிவிட்டேன்:
பட்டியலை அறைக்கு அறை பிரிக்கலாம்.
மூன்று பொத்தான். ஐந்து நிமிடம். காசு வேண்டாம்.
தரைக்குக் கீழே யாரோ இருமினார்கள்.
"இப்போது வேண்டாம்," என்றார்.
"பனி உருகட்டும், பார்க்கலாம்."

சீட்டில் எழுதினேன்: பழுது இல்லை.
கையெழுத்துக் கோட்டில் எல்ராய் என்று போட்டார்,
பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டார்,
பேனாவைப் படிக்கட்டுப் பக்கம் பார்த்து வைத்தார்.
சீட்டு இல்லாமல் வந்துவிட்டேன்.
அலுவலகத்தில் கேட்பார்கள்.