ஏழேகால்

செருப்பு எட்டாம் நம்பர்.
சட்டைக் கழுத்து பதினைந்தரை.
இக்காமாவின் பத்து இலக்கத்தையும்
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.
உனக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும் என்று
நாற்பத்துமூன்று வயதில் யாராவது கேட்டிருந்தால்
கம்பெனியில் விசாரித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன்.

ஜுபைலில் எங்கள் பஸ் நாலே முக்காலுக்கு.
ஒரு கழிப்பறைக்கு எட்டுப் பேர்,
அதனால் அலாரம் மூன்றரைக்கு.
சேஃப்டி ஆபீஸர் போர்டில் எழுதிப் போடுவார்:
எல்லோரும் எட்டு மணி நேரம் தூங்கவும்.
எல்லோருக்கும் ஒரே ஹெல்மெட் போல.
ஹெல்மெட்டுக்காவது பின்னால் ஒரு திருகு உண்டு.

கீழ்க் கட்டில் நெய்னா முகம்மது
ஐந்து மணி நேரம் தூங்கி
கல்யாண மாப்பிள்ளை போல எழுந்து சவரம் செய்வார்.
எதிர்க் கட்டில் அருளப்பன்
வெள்ளிக்கிழமை பதினொரு மணி நேரம் கிடந்தும்
கண் சிவந்துதான் எழுவான்.
நித்திரை சுகம் அறியாது என்பார்கள்.
சொன்னவர் மேல் கட்டிலில் படுத்தவர் அல்ல.

பிறகு ஸ்பான்சர் மாறியது.
பழைய கம்பெனி விட்டுவிட்டது,
புதிய கம்பெனி இன்னும் எடுக்கவில்லை.
பத்தொன்பது நாள் சும்மா இரு என்று
உடைந்த ஏசிகள் அடுக்கிய ஸ்டோர் அறையில்
ஒரு கட்டில் தந்தார்கள்.
ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது.
சூரியன் வெளியிலேயே நின்றது.
அலாரத்தை அணைத்தேன்,
அடுத்தவன் பையில் கை விடுவது போல.

முதல் நாள் பன்னிரண்டு மணி நேரம்.
மறுநாள் பதினொன்றரை.
எழுந்து ஒரு குப்பூஸைத் தின்று மறுபடியும் படுத்தேன்.
காய்ச்சலோ என்று நானே நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.
அது தூக்கமல்ல, பாக்கி,
பதினாலு வருஷத்துப் பாக்கி, வட்டியோடு.
எட்டாம் நாள் ஒன்பதுக்கு இறங்கியது.
சுலைமானி அதிகம் குடித்த இரவு ஆறு,
அதைக் கணக்கில் எடுக்கவில்லை.
பதிமூன்றாம் நாள் தானாக விழித்தேன், ஏழேகால்.
பதினாலாம் நாள் ஏழும் பத்து நிமிஷமும்.
பதினைந்தாம் நாள் மறுபடி ஏழேகால்.
ஏசிப் பெட்டியின் அட்டையில் பென்சிலால் எழுதினேன்.
அன்று மாலை அருளப்பன் சொன்ன ஜோக்குக்கு
முதன்முறையாக
சிரிக்க வேண்டிய இடத்திலேயே சிரித்தேன்.

ராத்திரி ஒன்பதுக்கு வீட்டுக்கு அழைத்தேன்,
என்றும் அழைக்கும் நேரம்.
கண்டுபிடித்துவிட்டேன் செண்பகம், எனக்கு ஏழேகால்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, "எனக்கு எட்டரை" என்றாள்.
எப்போதிலிருந்து தெரியும்?
"பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே."

இங்கே ஒன்பது என்றால் அங்கே பதினொன்றரை.
அஞ்சு மணிக்கு வரும் குழாய்த் தண்ணீருக்கு எழுகிறவள்.
கழித்துப் பார்க்க ஒரு கை விரல்களே போதும்,
பதினாலு வருஷமாய் நான் கழிக்கவில்லை.
கல்யாணமாகி நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன்.
லீவை எல்லாம் கூட்டினால் பதினாறு மாசம்.
அந்த இரவுகளில் நான் தூங்காமல் பேசினேன்,
அவள் தூங்காமல் கேட்டாள்.
யாருக்கு எவ்வளவு என்று யார் அளந்தது?

சொல்லியிருக்கலாமே, என்றேன்.
"சொன்னா கூப்பிடாம விட்டிருவீங்க."

புதிய கம்பெனியிலும் பஸ் அதே நாலே முக்கால்.
சீட்டாட்டத்தின் நடுவில்
கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு எட்டரைக்கே படுக்கிறேன்.
குறைகிற கால் மணி நேரத்தை
பஸ் கண்ணாடியில் தலை முட்ட முட்ட ஈடு கட்டுகிறேன்.
போன் இப்போது ஆறேகாலுக்கு,
திரும்பி வரும் பஸ்ஸிலிருந்தே.
எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்காது.

நேற்று பேச்சின் நடுவில்
அவள் கொட்டாவி விட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.
வச்சிடு, தூங்கு, என்றேன்.
"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றாள்,
அலாரத்திடம் கெஞ்சும் குரலில்.