கப்பலூர் தாண்டி

திருமங்கலத்தில் டாக்டர் நாச்சியப்பன்
ரெப்புகளைப் பார்ப்பது
கடைசி நோயாளி போன பிறகு.
இன்று கடைசி நோயாளி
ஒன்பதே முக்காலுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்,
கட்டைவிரலில் அரிவாள்மணை பட்டு.
அவருக்கு அப்புறம் இன்னொரு கடைசி.

சுவரோரம் நாங்கள் நாலு பேர்.
ஒரே மாதிரிப் பை, ஒரே மாதிரி ஷூ,
ஷூவில் ஒரே பஸ் ஸ்டாண்டுப் புழுதி.
எதிர் பெஞ்சில் இருமுகிறவர்கள்
எங்களையும் ஒரு நோயாகத்தான் பார்க்கிறார்கள்.
தப்பில்லை.

பன்னிரண்டு வருஷம்.
முதல் வருஷம்
இரும்புச்சத்து டானிக்கைப் பற்றிப் பேசினால்
எனக்கே ரத்தம் ஊறும்.
மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் என்று
பெட்ரோல் வாசனையோடு போய்
அதே நாற்பது வினாடியை
ஒவ்வொரு வாசலிலும் புதிதாகச் சொன்னேன்.
இப்போது வாய் சொல்லிக்கொண்டிருக்கும்,
நான்
டாக்டர் மேஜைக் கண்ணாடி உருண்டைக்குள்
எத்தனை குமிழி என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.
பதினாலு.
போன மாதமும் பதினாலு.

ராஜினாமாக் கடிதம் போனில் இருக்கிறது.
தேதி போடவில்லை.
'தனிப்பட்ட காரணங்களால்' என்று ஆரம்பித்து
அதை அழித்து
'மேற்படிப்புக்காக' என்று போட்டு
நாற்பத்தோரு வயதில் என்ன மேற்படிப்பு என்று
நானே சிரித்து
மறுபடி தனிப்பட்ட காரணங்கள்.
ஜெயசிங் சார் அதுவரை படிக்கமாட்டார்.
என் டார்கெட்டை யார் தலையில் கட்டுவது,
அதுதான் அவருக்கு.

இஸ்மத் போன சித்திரையில் விட்டான்.
டவுன்ஹால் ரோட்டில் போன் கவர் கடை.
'நிம்மதியா இருக்கேன்டா' என்றான்,
சொல்லும்போதே வாசலைப் பார்த்தான்
ஆள் வருகிறதா என்று.
ஒரு கவர் சும்மா கொடுத்தான்.
காசு கொடுத்திருக்கலாம் என்று
பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான்
எனக்கு உறைத்தது.

தமயந்தி கணக்கு எழுதிவிட்டாள்.
வேலையை விட்டால் ஏழு மாதம் தாங்கும்,
பைக் தவணையைக் கழித்தால் ஐந்தரை.
'விடுன்னும் சொல்லல, விடாதேன்னும் சொல்லல.
தினமும் ராத்திரி
விடப்போறேன் விடப்போறேங்கிறத மட்டும்
முதல்ல விட்டுடு.'
நோட்டை அலமாரியில் வைக்கவில்லை,
அரிசி டின் மேல் வைத்தாள்.
கை எட்டுகிற இடம்.

கரண்ட் போனது.
பக்கத்தில் ஒரு அம்மா, கையில் மாத்திரைக் கவர்.
'சார், இதுல எது சாப்பாட்டுக்கு முன்னாடி?'
நான் டாக்டர் இல்லைம்மா.
'டை கட்டியிருக்கீங்கல்ல.'
போன் வெளிச்சத்தில் சீட்டைப் படித்தேன்.
முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு,
வெள்ளையில் பாதி.
எழுத்துத் தெரியாது என்றாள்.
முன்னால் போடுவதன் அட்டையை
ஓரத்தில் லேசாகக் கிழித்துக் கொடுத்தேன்.
'கிழிஞ்சது முன்னாடி' என்று
இரண்டு முறை தனக்குத்தானே சொல்லி
முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூணு நிமிஷம் இருக்கும்.
அந்த மாத்திரை எங்கள் கம்பெனியே இல்லை.
தினசரி அறிக்கையில் இதற்குக் கட்டம் கிடையாது.
மூணு நிமிஷத்துக்காக
இன்னொரு பன்னிரண்டு வருஷமா என்று கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.
ஆனால் எதையும் எண்ணவில்லை நான்,
அந்த மூணு நிமிஷம்.

பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள்.
பேசினேன்.
'போன மாசமும் இதையேதானே சொன்னீங்க' என்றார் டாக்டர்.
ஆமா சார்.
கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.
'நானும்தான்' என்றார்,
'காலையிலேர்ந்து எல்லார்கிட்டயும்
உப்பைக் குறைங்கன்னு.'

கப்பலூர் டோல்கேட்டில்
லாரிகள் காசு கட்ட நிற்கின்றன.
பைக்குக்குக் காசு இல்லை.
ஓரமாக ஒரு சந்து,
ஹேண்டில்பார் உரசாமல் ஓட்டத் தெரிந்தால் போதும்.
தாண்டி நிறுத்தினேன்.
டையைக் கழற்றிப் பையில் போட்டேன்,
சாம்பிள்களுக்கு நடுவில்.

கடிதத்தில் இன்றைய தேதி போட்டாயிற்று.
பன்னிரண்டு அடித்துவிட்டால்
அதையும் மாற்ற வேண்டும்.
மணி பதினொன்று ஐம்பத்து மூன்று.