இரண்டு மாத்திரை

அவனுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தவள் நான்.
சிரிக்காதீர்கள்.
நெப்ராஸ்காவில் சோளக்கொல்லைக்கு நடுவே பிறந்து
கடலைக் காலண்டரில் மட்டும் பார்த்தவள் நான்.
ஹெட்லி ஆஸ்கர்பியோ
கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன்பெட்டி அடுக்கிய
சாட்சாத் இங்கிலாந்துக்காரன்.

பர்பாங்க், ஒன்பதாம் தளம், அறுபத்தேழாம் வருஷம்.
டெக்ஸஸ் எண்ணெய்ப் பணக்காரி வீட்டில்
வெள்ளைக் கையுறை போட்ட பட்லர் வேஷம்.
வாயைத் திறந்தான்.
தயாரிப்பாளர் காகிதத்தைப் புரட்டினார்:
"நிஜமான இங்கிலீஷ்காரனைத்தானே கேட்டேன்?"

என்னிடம் அனுப்பினார்கள்.
மெய்யெல்லாம் சரி, உயிரில்தான் கோளாறு.
அவன் ஊரில் எல்லாமே குறில்.
குளியலை 'பத்' என்பான்.
'பாத்', நீட்டு, இரண்டு மாத்திரை, என்பேன்.
"சனிக்கிழமைக்கு ஒரு தகரத் தொட்டி,
ஐந்து பேருக்கு ஒரே தண்ணீர்.
அதற்கு இவ்வளவு நீளமா?" என்பான்.

காமிராவுக்குப் பின்னால் நின்று சைகை காட்டுவேன்.
ஒரு விரல் குறில், இரண்டு விரல் நெடில்.
முதல் நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
புறங்கை தெரிய இரண்டு விரல் காட்டினால்
எங்கள் பக்கம் பல் உதிரும், நெப்ராஸ்கா, என்றான்.
கையைத் திருப்பிக்கொண்டேன்.

"பாத் தயார், மேடம்."
இந்த மூன்று சொல்லுக்கு நாடே சொக்கியது.
டல்சாவிலிருந்து ஒருத்தி வாராவாரம் தேயிலை அனுப்பினாள்.
டொலீடோவில் ஒரு பல் டாக்டர்
தன் நாய்க்கு அவன் பெயரை வைத்துவிட்டு
அனுமதி கேட்டு எழுதினார்.
ஓமஹாவில் சூப்பர்மார்க்கெட் ரிப்பன் வெட்டப் போனவனிடம்
கிழவர் ஒருவர், காதில் விழாதபடி குனிந்து,
அரண்மனையில் இவர்களெல்லாம் எப்படி என்று விசாரித்தார்.
அரண்மனையைப் பற்றி அரைமணி நேரம் சொன்னானாம்.

கிரிம்ஸ்பியில் அந்தத் தொடர் ஓடவில்லை.
பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால்
அவன் அம்மா சொல்வது:
அமெரிக்காவில் ஓட்டல் வேலை.

ஐந்தாம் வருஷம் அவன் அப்பா இறந்துபோனார்.
போனான். சர்ச்சில் நின்று படித்தான்.
வெளியே வந்ததும் அண்ணன் லெஸ்,
சிகரெட்டைப் பற்றவைத்தபடி:
"நல்லா படிச்சே.
போட் முதலாளியே வந்து பேசினமாதிரி இருந்துச்சு."

வின்ச்சில் அப்பாவின் விரல் போன அன்று
அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்ட முதலாளி.

ஞாயிறு இரவு என் காரில் உட்கார்ந்திருந்தான்.
தூக்கம் இல்லை.
ஒரு மாத்திரை போட்டேன், கேட்கவில்லை,
இரண்டு போட்டேன் என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
"பழையதைத் திருப்பிக் கொடு" என்றான்,
அடகுக்கடையில் நிற்பவனைப் போல.

எனக்கு எப்படித் தெரியும்?
யோசிக்காமல் சொன்னேன்: 'பத்'.
என் அப்பா சொல்வது அப்படித்தான்,
டிராக்டர் கிரீஸோடு வாசலில் நின்று
அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பது.
இந்த வேலைக்காக நானும் எங்கோ வைத்து மறந்திருந்த வாய்.
ஹெட்லி நிமிர்ந்தான்.
"இன்னொரு தடவை."
சொன்னேன்.
அவனும் சொன்னான்.
வாட்ச்மேன் டார்ச்சு அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்:
நடு ராத்திரியில் இரண்டு பெரியவர்கள்
குளியல் குளியல் என்று
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம்.
அந்த நெடில் யார் வீட்டிலிருந்து வந்தது என்பது
எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

திங்கட்கிழமை, முந்நூறு பேர் எதிரில்,
கையுறையைச் சரிசெய்துகொண்டு சொன்னான்:
"பத் தயார், மேடம்."
சிரிப்பு வரவில்லை.
மூன்றாம் வரிசையில் யாரோ இருமினார்கள்.
இயக்குநர் கட் என்றார், என்னைப் பார்த்தார்,
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
வீட்டுக்கு இன்னும் பதினாறு தவணை பாக்கி எனக்கு.
இருட்டில் கையைத் தூக்கினேன்,
இரண்டு விரல்.
உள்ளங்கை எந்தப் பக்கம் இருந்தது என்பதை
இயக்குநர் கவனிக்கவில்லை.

ஹெட்லி கவனித்தான்.