பொருந்தாது

ஃப்ரீஸ்லாந்தில் மழை மேலிருந்து விழாது,
பக்கவாட்டில் வரும்.
வீப்ரனுக்கு வாதமும் அப்படித்தான் வந்தது,
போன அக்டோபரில், பாலத்தின் நெம்புகோலைப் பிடித்தபடி நின்றபோது,
வலது பக்கம் முழுக்க.

ஏழாம் மாதம் நான் போகிறேன்.
நனைந்த சைக்கிள். பையில் நான்கு பக்கப் படிவம்:
அன்றாட வாழ்வில் பங்கேற்பு.
ஒவ்வொரு கேள்விக்கும் நாலு கட்டம்.
எளிதில் முடியும். சிரமப்பட்டு முடியும்.
முடியாது.
பொருந்தாது.

கடைக்குப் போவது?
போவாரே, நான் கார் ஓட்டினால், என்கிறாள் யெல்ட்யெ.
அவருக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை.
ஆமாம் வரும், இல்லை வரும்,
சில நேரம் இரண்டும் இடம் மாறி வரும்.
விரலால் தொடச் சொல்கிறேன்.
இடதுகை ஆள்காட்டி விரல் தாளில் அலைந்து
கடைசிக் கட்டத்தில் இறங்குகிறது.

வேலை? பொருந்தாது.
வியாழக்கிழமை ஹெய்னோ வீட்டுச் சீட்டாட்டம்? பொருந்தாது.
மனைவியோடு நெருக்கம்?
யெல்ட்யெ பால் எடுக்க எழுந்து போகிறாள்.
பால் மேசைமேல்தான் இருக்கிறது.
பொருந்தாது.

கணக்கு எனக்குத் தெரியும்.
பொருந்தாதவை கூட்டலில் சேராது.
மிஞ்சியதை வைத்து வகுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.
என் வட்டாரத்திலேயே இவ்வளவு நலமாய்
யாருமில்லை.

கால்வாயில் ஹாரன்.
பாலத்தை இப்போது திறப்பது
லேவார்டனில் திரைமுன் உட்கார்ந்திருக்கும் யாரோ.
மணி மட்டும் பழைய மணி.
வீப்ரன் எழுகிறார், மூன்று தவணையில்.
கதவோரம் தூண்டில் கழி, நூல் நுனியில் மரச்செருப்பு:
படகுகளிடம் சுங்கக் காசு வாங்க
இருபத்தாறு வருஷம் வீசிய செருப்பு.
இந்த வசந்தத்தோடு சுங்கமும் போயிற்று.

இடது கையால் வீசுகிறார்.
செருப்பு படகுக்கு ஒரு ஆள் தூரம் தள்ளி
தொப்பென்று தண்ணீரில் விழ,
வாத்து ஒன்று பதறிப் பறக்கிறது.
ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட குழந்தை கையாட்டிப் போகிறது.

அப்போது வந்தது அந்த வசவு.
அசை பிசகாமல், எழுவாய் பயனிலையோடு,
பாலத்தையும் படகையும் படகுகட்டியவனின் தாயையும் சேர்த்து,
அக்கரை மாடுகள் திரும்பிப் பார்க்க.
யெல்ட்யெ ஈரக் கையோடு வாசலில்:
"இதை எந்தக் கட்டத்தில் போடுவீங்க?"
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

உள்ளே வந்தார். சொட்டும் செருப்பைப் படிவத்தின்மேலேயே வைத்துவிட்டு
என் பேனாவுக்குக் கை நீட்டினார்.
வேலை. கோணல் கோடு ஒன்று. பொருந்தாது அடிபட்டது.
முடியாது.
சீட்டாட்டம். முடியாது.
அடுத்த வரியில் பேனா நின்றது.
அவர் தோளுக்கு மேல் குனிந்து அவள்
சிரமப்பட்டு முடியும் என்ற கட்டத்தைத் தொட்டாள்.
மை அவள் விரலிலும் ஒட்டியது.

ஐம்பத்தெட்டு.
ஒரே மதியத்தில் என்ன ஆயிற்று என்று
அலுவலகத்தில் கேட்பார்கள்.
ஆறிப்போன காப்பியைக் குடித்தேன்.
ஒற்றைக் கைக்காரர் சீட்டு விசிறி நிறுத்த
ஒரு மரத்தாங்கி விற்கிறார்கள், நான்கு யூரோ.
வியாழன் எத்தனை மணிக்கு என்று
ஹெய்னோவைக் கேட்க வேண்டும்.