பூசாமல் விட்ட இடம்

முதல் பலகையைக் கொன்றது கடல் அல்ல.
குளியலறைச் சந்தடைக்கும் சிலிக்கான்,
குழாயில் மிச்சம் இருந்ததே என்று
பிதுக்கித் தடவியது நான்தான்.
நான்காம் வாரம் பெட்டியைத் திறந்தால்
வினிகர் வாசம்;
செம்புத் தடமெங்கும் பச்சைக் களிம்பு.
உப்பு ஒரு துளி உள்ளே வரவில்லை.
காயும்போது காவலே கக்கிய புளிப்பு
காவல் இருந்ததைத் தின்றிருக்கிறது.

இரண்டாவதற்கு எப்பாக்சி.
அரோசா கழிமுகத்தில்
மட்டி வளர்க்கும் மிதவையின் யூகலிப்டஸ் உத்தரத்தடியில்
கருங்கல்லாய் இறுகிக் கிடந்து
பிப்ரவரியில் ஒருநாள் பேச்சை நிறுத்தியது.
எந்தப் பற்று விட்டதோ, எந்தக் கால் ஒடிந்ததோ.
உளி வைத்துத் தட்டினேன்,
உளிதான் மழுங்கியது.
நாற்பத்தொன்பது நாள் நீரின் சூடு
இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது.
எலாதியோ அதை வாங்கிக் கயிற்றுக்குக் குண்டாகக் கட்டினான்.
"அப்பாடா, ஒரு வேலைக்கு ஆயிற்று."

"நிறமில்லாத நகப்பூச்சு போதுமே"
என்றாள் மருந்துக்கடை இரியா, பாதி விலைக்குத் தந்து.
மூன்றாவதற்கு அது.
அவசரத்தில் ஈர உணரியின் மேலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன்.
படகுகளைக் கரையேற்றிய புயல் இரவில்
ஜன்னல் கண்ணாடி நடுங்க நடுங்க
திரையில் நின்றது: நாற்பத்தொரு விழுக்காடு.
மறுநாளும் நாற்பத்தொன்று.
வறண்ட ஊரில் இருப்பதாகவே
கடைசிவரை சாதித்தது.
பிறகு செதில் செதிலாய் உரிந்தது.

இன்று அக்ரிலிக்.
எல்லாவற்றிலும் வலியது என்று இல்லை.
நாளை தவறினால் கரைத்து எடுக்கலாம், அதற்காக.
ஆல்கஹாலில் தோய்த்த பழைய பல் துலக்கியால்
பிசின் கறை போகத் தேய்த்து,
இணைப்பிகளுக்கு நாடா ஒட்டி,
உணரியின் ஊசித்துளைக்கு
எள்ளளவு நாடா தனியே வெட்டி ஒட்டி,
அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து,
மெல்லிதாய் ஒரு வீச்சு.
பலகையைத் திருப்பி இன்னொன்று.

மதுக்கடையில் கள்ளநோட்டு பார்க்கும் விளக்கை
இரவல் வாங்கி வந்திருந்தேன்.
சமையலறையை இருட்டாக்கி அடித்ததும்
நீலமாய் விழித்தது பலகை.
காபிக் கோப்பையில் என் கட்டைவிரல் ரேகையும்.
மின்தேக்கியின் முதுகுக்குப் பின்னால் மட்டும் இருட்டு.
தூரிகையின் நுனியால் அங்கே ஒரு சொட்டு.

காய்ந்தபின் இடுக்கியால் நாடாவை உரித்தேன்.
அந்த எள்ளளவு இடம்
வெறும் உடம்போடு கடலுக்குப் போகட்டும்.
ஈரம் தெரிய வேண்டுமென்றால்
ஈரம் பட்டுத்தான் ஆக வேண்டும்.

விடிகாலை மிதவையிலிருந்து அழைத்தான் எலாதியோ.
"சபேலா, என்ன சொல்கிறது?"
"தொண்ணூற்றேழு."
கொஞ்ச நேரம் மழையின் சத்தம் மட்டும்.
"இதைக் கண்டுபிடிக்க
நான்கு பலகையா?" என்றான்,
தொப்பியைப் பிழிந்துகொண்டே இருந்திருப்பான்.
தொண்ணூற்றெட்டு ஆகியிருந்தது.
அவனிடம் சொல்லவில்லை.