நத்தைக் கணக்கு

குதாயிசியில் மழை விட்டதும்
லமாராவின் செருப்பு வாசலைத் தாண்டிவிடும்.
வயது எழுபத்தெட்டு. டிராலிபஸ்ஸில்
முப்பத்தொரு வருடம் டிக்கெட் கிழித்தவள்.
மிச்சமான டிக்கெட் சுருளின் முதுகில்
இப்போது நத்தைக் கணக்கு.

கல்லறைச் சுவரோரம் குந்தி
ஒவ்வொன்றாய் எடுப்பாள்.
ஓட்டின் வாய் எந்தப் பக்கம் என்று பார்த்து
எடுத்த இடத்திலேயே வைப்பாள்.

"எல்லாம் வலப்பக்கம்தான், புத்தகத்திலேயே இருக்கிறதே"
என்றார் மருந்துக்கடை குராம்.
"எழுதியவர் இந்தச் சுவருக்கு வந்தாரா?"

நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு.
அத்தனையும் வலப்பக்கம்.
குராம் சிரிக்கவில்லை, பாவம்.
தன் குடையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்று ஒன்று விரல்நழுவி
உள்ளங்கையில் தலைகீழாய் விழுந்தது.
வாய் இடப்பக்கம்.

கால் மரத்துப்போகும்வரை பார்த்தாள்.
நத்தையும் கொம்பு நீட்டி
ஏதோ யோசிப்பதுபோல இருந்தது.

பிறகு சுருளில், எண்ணுக்குப் பதில்,
ஒரு வரி:
கூர்முனைதான் மேல்பக்கம் என்று
முதலில் சொன்னது யார்?

மறுபடி தூறல்.
குடை சுவர்மேலேயே கிடந்தது.