கையுறை காயும் இடம்

முதலில் கண்டுபிடித்தது நானல்ல,
நான் நிறுவிய காவல் நிரலும் அல்ல.
நூலகத் தரையைத் துடைக்கும் ஸ்டான்கா.

பிப்ரவரி. த்ராவா ஆற்றின் ஓரங்களில் இன்னும் பனிக்கட்டி.
மாடிப்படிக்குக் கீழே சர்வர் வைத்த அலமாரி
ஒரு வாரமாய்க் கதகதப்பாக இருக்கிறதென்று
நனைந்த கையுறைகளை அதன்மேல் காயப்போட்டிருந்தாள்.
"நல்ல ஏற்பாடு, யெர்னேயா. எப்போது ஹீட்டர் வைத்தீர்கள்?"

நாங்கள் ஹீட்டர் வைக்கவில்லை.

அந்த இயந்திரத்துக்கு இரவில் வேலையே கிடையாது.
எந்தப் புத்தகம் யாரிடம், எத்தனை நாள் தாமதம்,
கேட்டால் சொல்லும், அவ்வளவுதான்.
இப்போது அதன் விசிறி
பால்கேன் சுமந்து மலையேறியவன்போல்
மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

பதிவுக் கோப்பைத் திறந்தேன்.
பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானே எழுதிய பக்கம்.
பிரிண்டர் உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க
ஒரே ஒரு பெட்டி:
பிரிண்டரின் முகவரியைத் தருக.
தந்ததை எடுத்து என் வரியின் வாலில் ஒட்டி
அப்படியே ஷெல்லிடம் நீட்டிவிடுவேன்.
அன்று வெள்ளிக்கிழமை.
ப்ரெலோக் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.
"முடிந்ததா?"
முடிந்தது என்றேன்.

முகவரி சரியாகத்தான் வந்திருந்தது.
நான்கு எண்கள், நடுவே மூன்று புள்ளிகள்.
பிறகு ஓர் அரைப்புள்ளி.
பிறகு இன்னொரு வாக்கியம்,
நான் எழுதாதது.

பெயர்ச்சொல் கேட்ட இடத்தில்
ஏவல் வினை வந்து உட்கார்ந்திருக்கிறது.
கொண்டு வா. பிரி. ஓட்டு. மறை.
ஷெல்லுக்கு ஆள் அடையாளம் தெரியாது.
அதன் காதில் விழுந்ததெல்லாம் என் குரல்தான்;
என் பெயரால், எனக்கிருந்த அதிகாரத்தால்
செய் என்றதைச் செய்தது.
பூட்டில் ஒரு கீறல் இல்லை.
யாரது என்று கேட்டேன்,
பதிலே உள்ளே வந்துவிட்டது.

வந்தவன் எதையும் எடுத்துப் போகவில்லை.
எங்கள் மின்சாரத்தில், எங்கள் அலமாரிக்குள்,
கையால் தொடமுடியாத காசைத் தோண்டிக்கொண்டிருந்தான்.
இது நூலகம் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.
ப்தூய் என்றோர் ஊர் இருப்பதும்.
கதவு கதவாகத் தட்டிப் போகும்படி
ஒரு நிரலை அவிழ்த்துவிட்டு
தூங்கப் போயிருப்பான்.
அவன்மேல் கோபப்பட முயன்றேன், வரவில்லை.

வெளியே குரெந்த் திருவிழா.
ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பில் மாட்டுமணி கட்டி,
சிவந்த நாக்கு தொங்கும் முகங்கள்
குளிரை விரட்டக் குதித்துப் போயின.
சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
உள்ளே யாரென்று ஊருக்கே தெரியும்:
நொண்டிக் குதிப்பது கறிக்கடை போஷ்த்யன்,
அவன் பின்னால் அவன் மச்சான்.
அந்த மணிச் சத்தத்துக்கு நடுவே
மண்டியிட்டு வயரைப் பிடுங்கினேன்.

இயந்திரத்தை முழுக்கத் துடைத்துப் புதிதாய் ஏற்ற
இரண்டு நாள் பிடித்தது.
என் பக்கத்தைத் திருத்த, மூன்று வரி.
எண்ணும் புள்ளியும் தவிர இனி எதுவும் நுழையாது.
நுழைந்ததும் என் வாக்கியத்தோடு ஒட்டாது,
தனித் தட்டில் போகும், ஷெல் நடுவில் இல்லாமல்.
காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.
அதுதான் இன்னும் அறுக்கிறது.

நகராட்சி அனுப்பிய படிவத்திலும் ஒரு பெட்டி.
காரணம், என்று கேட்டது.
'கேட்டதைத்தான் தருவார்கள் என்று நம்பினேன்'
எனத் தட்டச்சிட்டு
கைப்பழக்கத்தில் கடைசியில்
ஓர் அரைப்புள்ளி வைத்துவிட்டேன்.
பெட்டி ஏற்றுக்கொண்டது.
கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஸ்டான்கா அலமாரியைத் தொட்டுப் பார்த்தாள்.
"ஹீட்டர் பழுதா?"
சொல்ல ஆரம்பித்து, எங்கிருந்து என்று தெரியாமல்
என் கையுறைகளைக் கழற்றி நீட்டினேன்.
போட்டுப் பார்த்தாள்.
கட்டைவிரல் நுழையவில்லை.